சூரிய அதிர்வலை: தூரத்திலிருந்து கேட்பதா, மோதும்வரை காத்திருப்பதா?

சூரிய வெடிப்பின் அதிர்வலையை அளக்க ஒரு வழி ரேடியோ. அலை வெளியே போகப் போக பிளாஸ்மாவின் (மின்னூட்டம் கொண்ட துகள்களாலான வாயு) அடர்த்தி குறையும், அதனால் அங்கே எழும் ரேடியோ சத்தத்தின் அதிர்வெண்ணும் மெகாஹெர்ட்ஸிலிருந்து கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிக்கொண்டே வரும். 1994-இல் ஏவிய விண்ட் விண்கலம் இதைத்தான் பதிவு செய்கிறது. சிக்கல் என்னவென்றால், அதிர்வெண்ணைத் தூரமாக மாற்ற, சூரியனிலிருந்து எவ்வளவு தூரத்தில் எவ்வளவு அடர்த்தி என்று கணித்துச் சொல்லும் ஓர் அடர்த்தி மாதிரியை நம்பியாக வேண்டும். மாதிரி சொதப்பினால் வேகமும் சொதப்பும்.

இன்னொரு வழி, பூமிக்கு 15 லட்சம் கி.மீ. முன்னால், சூரியன் பக்கமாக, பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரும் எல்1 புள்ளியில் கருவியை நிறுத்துவது. அலை மோதியதும் காந்தப்புலம், வேகம், அடர்த்தி எல்லாம் ஒரே தாவலாக எகிறும், ஊகத்துக்கே இடமில்லை. சரி, ஆனால் அதற்குள் அலை வாசலுக்கே வந்துவிடுகிறதே! 2003 அக்டோபர் 28 வெடிப்பின் அலை பூமிக்கு வர சுமார் 19 மணி நேரம் ஆனது. எல்1 தரும் அவகாசமோ பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். எச்சரிக்கைதான் முக்கியம் என்றால் என் ஓட்டு ரேடியோவுக்கே.