அப்பாவோட கீழ் உதடு மரத்துப் போய் 9 மாசம் ஆச்சு, பல் இம்ப்ளான்ட் வைக்கப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

இதை எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன், அப்பாவுக்கு சங்கடமா இருக்குமேன்னு தள்ளிப் போட்டேன். போன வாரம் அவரே "எழுது பாப்பா, நாலு பேருக்குத் தெரியட்டும்"னு சொல்லிட்டாரு. அதனால எழுதறேன். கிளினிக் பேரு போட மாட்டேன், கேஸ் போட வேலை நடந்துட்டிருக்கு, வக்கீல் வேண்டாம்னு சொல்லிருக்காரு, கமெண்ட்ல வந்து யாரும் கேக்காதீங்க.

அப்பாவுக்கு 66 வயசு. திருச்சில கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. 15 வருஷமா சுகர். கீழ்த் தாடையில இடது பக்கம் மூணு பல் வரிசையா இல்ல, ரெண்டு கடைவாய்ப்பல், அதுக்கு முன்னாடி ஒண்ணு. கழட்டி மாட்டுற பல் செட் வச்சிருந்தாரு, சாப்பிடறப்ப அது தூக்கும், ஒரு கல்யாண வீட்ல பந்தியில உக்காந்திருக்கறப்ப வடையோட சேர்ந்து வெளிய வந்துடுச்சு, அன்னைலேர்ந்து யார் வீட்டுக்கும் சாப்பிடப் போறதில்ல. எனக்கு அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்பதான் ஒரு விளம்பரம், "ஒரு இம்ப்ளான்ட் வெறும் 14,999, அஞ்சே நாள்ல நிலையான பல்". போன் பண்ணினேன், ரெண்டு நிமிஷத்துல அப்பாயின்ட்மென்ட்.

நல்ல ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ள போனதும் ஜூஸ். முதல்ல ஒரு பொண்ணு வந்து பேசினாங்க, நான் டாக்டர்னு நெனச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சுது அவங்க வேலையே பேக்கேஜ் பேசறதுதான்னு. 14,999 எதுக்குன்னா எலும்புக்குள்ள போற ஸ்க்ரூவுக்கு மட்டும். அதுவும் "அது சாதா, அங்கிளுக்கு சுகர் இருக்கே, சுவிஸ் கம்பெனி பிரீமியம் போட்டுக்கோங்க, லைஃப்டைம் கேரண்டி"ன்னாங்க. பிரீமியம் ஒண்ணு 28,000, அதுக்கு மேல வர்ற அபட்மென்ட் 6,000, அதுக்கு மேல கேப் 12,000. மூணுக்கும் சேர்த்து 1,38,000. இம்ப்ளான்ட்னா இந்த மூணு பொருளும் சேர்ந்ததுதான் ஒரு பல்லு, எலும்புல இறங்குற ஸ்க்ரூ, நடுவுல இணைக்கிற துண்டு, வெளிய தெரியற பல். விளம்பரத்துல போடற விலை பெரும்பாலும் முதல் பாகத்தோட விலைதான். எங்க போனாலும் "கேப் மாட்டி நான் மென்னு சாப்பிடற வரைக்கும் மொத்தம் எவ்வளவு"ன்னு கேட்டு, பேப்பர்ல எழுதி வாங்குங்க. நான் வாங்கல.

இப்ப பணம் விஷயத்துல நான் பண்ணின பெரிய தப்பு. "மொத்தமா கட்ட வேண்டாம் மேடம், வட்டியில்லாத இஎம்ஐ இருக்கு, உங்களுக்கு எலிஜிபிலிட்டி இருக்கான்னு மட்டும் பாக்கலாம்"னு ஆதார், பான் வாங்கினாங்க, ஒரு ஓடிபி வந்துச்சு, சொன்னேன். இன்னொரு ஓடிபி வந்துச்சு, அதையும் சொன்னேன். ரெண்டாவது ஓடிபி லோன் அக்ரிமென்ட்டுக்கான கையெழுத்துன்னு எனக்கு அப்ப தெரியாது. அன்னைக்கு சாயங்காலமே என் பேர்ல லோன் ஆயிடுச்சு, முழுப் பணமும் கிளினிக் அக்கவுண்டுக்குப் போயிடுச்சு, அப்பா வாய்ல இன்னும் ஒரு ஊசி கூட போடல. மாசம் 5,750, 24 மாசம். இதுல புரிஞ்சுக்க வேண்டியது, நாம கிளினிக்குக்கு தவணை கட்டல, ஒரு பைனான்ஸ் கம்பெனிக்கு கடன் கட்டறோம். பல்லு நல்லா இருந்தாலும் கட்டணும், பல்லு கழண்டாலும் கட்டணும், கட்டலன்னா நம்ம சிபில் ஸ்கோர்தான் அடி வாங்கும். கிளினிக்குக்கு பணம் முன்னாடியே போயிட்டதால அதுக்கப்புறம் நம்ம போனை எடுக்கறதுக்கு அவங்களுக்கு அவசரமே இல்ல.

சரி, ட்ரீட்மென்ட்டுக்கு வரேன். எடுத்தது ஓபிஜி எக்ஸ்ரே ஒண்ணே ஒண்ணு, தாடை முழுக்க ஒரே படத்துல வருமே அது. ஸ்கேன் வேணாமான்னு நான் கேக்கவே இல்ல, ஸ்கேன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. கீழ்த் தாடை எலும்புக்குள்ள ஒரு நரம்பு ஓடுது, கடைவாய்ப்பல் வேருக்குக் கீழ வந்து முன்பக்கம் ஒரு ஓட்டை வழியா வெளிய வந்து கீழ் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி கொடுக்கறது அதுதான். பல் எடுத்து வருஷக்கணக்காச்சுன்னா அந்த இடத்துல எலும்பு கரைஞ்சு உயரம் கொறைஞ்சிடும், அப்ப மேல் எலும்புக்கும் நரம்புக்கும் நடுவுல இருக்கற இடமும் கொறைஞ்சிடும். சாதாரணமா ஸ்க்ரூவோட நுனிக்கும் நரம்புக்கும் 2 மில்லிமீட்டராவது விடணுமாம். ஓபிஜி தட்டையான படம், அளவையும் பெருசாக்கிக் காட்டும், எலும்போட அகலம் அதுல தெரியவே தெரியாது. சிபிசிடின்னு ஒரு 3டி ஸ்கேன் இருக்கு, அதுலதான் நரம்பு எவ்வளவு ஆழத்துல போகுதுன்னு மில்லிமீட்டர் கணக்குல அளக்க முடியும். பின்னாடி நாங்க அதை எடுத்தப்ப 2,000 ரூபா கூட ஆகல. 1,38,000 வாங்கினவங்க அந்த 2,000 ரூபா ஸ்கேனை எழுதிக் கொடுக்கல, இதை நெனச்சாலே இப்பவும் வயிறு எரியுது.

சுகரையும் அப்படித்தான் பாத்தாங்க. அன்னைக்குக் காலைல விரல்ல குத்திப் பாத்தாங்க, 148, "ஓகே அங்கிள்"னுட்டாங்க. மூணு மாச சராசரி காட்டுற எச்பிஏ1சி பாக்கவே இல்ல. அப்பா ஆஸ்பத்திரி போற நாளுக்கு முன்னாடி ரெண்டு நாள் சோறைக் கொறைச்சிடுவாரு, அது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். அப்புறம் நாங்களா பாத்தப்ப 9.2. சுகர் கட்டுல இல்லாதவங்களுக்கு புண் ஆற லேட்டாகும், எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்கறதும் சந்தேகம், முதல்ல சுகரைக் கொறைச்சிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கணும்.

ஸ்க்ரூ போட்டவரு அந்த கிளினிக் டாக்டரே இல்ல. வேற ஊர்லேர்ந்து வாரத்துல ஒரு நாள் வர்ற விசிட்டிங் டாக்டர். மாஸ்க்கோட வந்தாரு, முக்கால் மணி நேரம், போயிட்டாரு. அவரு முகம் கூட எங்களுக்குத் தெரியாது. இந்தியாவுல பல் மருத்துவ மேல்படிப்பான எம்.டி.எஸ்.ல இம்ப்ளான்ட்டுக்குன்னு தனிப் பிரிவு கிடையாது, பல் கட்டறதுக்குப் படிச்சவங்க, ஈறு பத்திப் படிச்சவங்க, வாய் முக அறுவை சிகிச்சை படிச்சவங்க இவங்கதான் பெரும்பாலும் பண்றாங்க, பல் டாக்டருக்கான முதல் பட்டம் பி.டி.எஸ். மட்டும் முடிச்சு தனியா பயிற்சி எடுத்தும் நல்லா பண்றவங்க இருக்காங்க. நான் யாரையும் கொறை சொல்லல. கத்தி வைக்கப் போறவரு யாரு, என்ன படிச்சவரு, டென்டல் கவுன்சில்ல அவரு ரிஜிஸ்டர் நம்பர் என்ன, பிரச்சினைன்னா மறுநாள் அவரைப் பாக்க முடியுமா, இதைக் கேக்கறதுல தப்பே இல்ல.

மரத்துப் போறதுக்குப் போட்ட ஊசியோட மரப்பு அன்னைக்கு ராத்திரியே விட்டிருக்கணும், விடல. மறுநாள் காலைல அப்பா "உதடு இன்னும் தடியா இருக்கற மாதிரி இருக்கு"ன்னாரு. போன் பண்ணினோம், "நார்மல், ஒரு வாரம் ஆகும்"னாங்க. ஒரு வாரம் கழிச்சு "நரம்பு வீக்கம், விட்டமின் மாத்திரை போடுங்க"ன்னாங்க. இதை மட்டுமாவது மனசுல வச்சுக்கோங்க: ஊசியோட மரப்பு சில மணி நேரத்துல போயிடணும். மறுநாளும் உதடோ தாடையோ மரத்தே இருந்தா அன்னைக்கே நேர்ல போயி உக்காரணும், ஸ்கேன் எடுக்கச் சொல்லணும், ஸ்க்ரூ நரம்பை அழுத்துதுன்னா முதல் ஒரு நாள், ஒண்ணரை நாளுக்குள்ள எடுத்தாதான் நரம்பு பொழைக்க வாய்ப்பு அதிகம். நாங்க அந்த நேரத்தை ரிசப்ஷன் சொன்னதை நம்பி வீட்ல உக்காந்து வீணாக்கினோம்.

அஞ்சாம் நாள் கேப் மாட்டிட்டாங்க. உடனே பல் வைக்கறதே தப்புன்னு இல்ல, எலும்பு நல்லா கெட்டியா இருந்து ஸ்க்ரூ இறுக்கமா நின்னா சிலருக்கு வைக்கலாமாம். ஆனா பொதுவா டைட்டானியம் ஸ்க்ரூவோட எலும்பு வளர்ந்து ஒட்டறதுக்கு கீழ்த் தாடையில ரெண்டு மூணு மாசம், மேல் தாடையில இன்னும் கூட ஆகும், இந்த ஒட்டற விஷயத்தைக் கண்டுபிடிச்சவரு ஸ்வீடன்ல பிரோனெமார்க்னு ஒரு டாக்டர், 1965-ல முதல் ஆளுக்கு வச்சாரு, அவரு காலத்துலயே மாசக்கணக்கா காத்திருந்துதான் பல் மாட்டியிருக்காங்க. 9.2 சுகர் இருக்கற மனுஷனுக்கு அஞ்சு நாள்ல மாட்டினா என்ன ஆகும். ரெண்டாவது மாசம் நடு ஸ்க்ரூ ஆட ஆரம்பிச்சுது, ஈறுல சீழ். போனா விசிட்டிங் டாக்டர் இப்ப வர்றதில்லன்னாங்க. எலும்புப் பவுடர் வச்சு திரும்பப் போடணும், 35,000 ஆகும்னாங்க. லைஃப்டைம் கேரண்டி எங்கன்னு கேட்டா, கேரண்டி கம்பெனி ஸ்க்ரூவுக்குத்தான், உங்க உடம்புக்கு இல்லன்னு சொன்னாங்க. அதே வார்த்தை.

அப்புறம் எங்க சொந்தக்காரங்க மூலமா ஒரு பல் மருத்துவப் பேராசிரியரைப் பாத்தோம். அவரு முதல்ல அரை மணி நேரம் கேள்விதான் கேட்டாரு. சுகர், பிரஷர், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை உண்டா, பீடி சிகரெட், அப்புறம் எலும்புக்கு மாத்திரை போடறீங்களான்னு. வாரம் ஒரு தடவை வெறும் வயித்துல போட்டுட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாதுன்னு சொல்வாங்களே அந்த மாத்திரை, இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவை ஏத்தற ஊசி, அது போட்டவங்களுக்கு பல் பிடுங்கினாலோ இம்ப்ளான்ட் வச்சாலோ சில பேருக்குத் தாடை எலும்பு ஆறாம அழுகிப் போகற ஆபத்து இருக்காம். அப்பா போடல. ஆனா எங்க பக்கத்து வீட்டு அத்தை எலும்பு பலவீனம்னு மூணு வருஷமா அதைப் போட்டுட்டிருக்காங்க, அவங்களும் அதே கிளினிக்ல விசாரிச்சிட்டு வந்தவங்கதான், அவங்ககிட்ட யாருமே இதைக் கேக்கல.

சிபிசிடி படத்தை அவரு கம்ப்யூட்டர்ல காட்டினாரு. நரம்பு போற குழாய் வட்டமா ஒரு கருப்புப் பொட்டு மாதிரி தெரியுது, அதுக்குள்ள வெள்ளையா ஸ்க்ரூ நுனி. அப்பா ஒண்ணும் பேசல, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பாத்தாரு. ஆடற ஸ்க்ரூவை எடுத்தாங்க, நரம்புல இருந்ததையும் எடுத்தாச்சு, ஆனா "ரொம்ப லேட்டு, கொஞ்சம் திரும்பலாம், முழுசா வரும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன்"னு நேரா சொன்னாரு. மூணாவதை அப்படியே வச்சுக்கிட்டு அதுமேல வேற கேப் போடலாம்னா அது எந்த கம்பெனின்னு தெரியல. ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்ள இருக்கற பூட்டு வேற, அதுக்கு ஏத்த ஸ்க்ரூ டிரைவர் வேற. ஸ்க்ரூ வர்ற டப்பாலயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கம்பெனி பேர், சைஸ், லாட் நம்பர் எல்லாம் இருக்கும், அதை உரிச்சு நம்ம ஃபைல்ல ஒட்டிக் கொடுக்கணும். எங்களுக்குக் கொடுத்தது கிளினிக் லோகோ போட்ட ஒரு கேரண்டி கார்டு. ஸ்டிக்கர் கேட்டு நாலு தடவை நடந்தேன், "ஹெட் ஆபீஸ்ல இருக்கு". சுவிஸ் ஸ்க்ரூதானான்னு இன்னைக்கு வரைக்கும் எங்ககிட்ட ஒரு ஆதாரமும் இல்ல. டப்பாவை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க.

அப்பா இப்ப சவரம் பண்றப்ப பக்கத்துல யாராவது நிக்கணும். மூணாவது மாசம் ஒரு நாள் கண்ணாடி முன்னாடி சவரம் பண்ணிட்டு வெளிய வந்து பேப்பர் எடுத்து உக்காந்துட்டாரு, பனியன் கழுத்துல செவப்பா ஒரு கோடு, என்னப்பான்னு கேட்டா என்னதுங்கறாரு. உதட்டுக்குக் கீழ ஒரு இன்ச் நீளத்துக்கு வெட்டியிருக்கு, தெரியல அவருக்கு. ரசம் வழிஞ்சாலும் தெரியாது, அம்மா கண்ணைக் காட்டுவாங்க, துண்டால தொடைச்சுக்குவாரு. 31 வருஷம் விசில் ஊதினவரு, பேரன் விளையாட்டு விசிலைக் கொடுத்து ஊதச் சொன்னப்ப காத்து ஒரு பக்கமா போயிடுச்சு. அன்னைக்குத்தான் நான் அழுதேன்.

கேஸ் விஷயம் கேக்கறவங்களுக்கு. டாக்டருங்க காசு வாங்கிப் பண்ற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடணும், கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணினா வழி சொல்றாங்க. டாக்டர் மேல தொழில் ரீதியா புகார்னா தமிழ்நாடு டென்டல் கவுன்சிலுக்கு எழுதணும். ஆனா எதுக்கும் பேப்பர் வேணும், எக்ஸ்ரே காப்பி, பில், கையெழுத்து வாங்கின ஃபாரம், வாட்ஸ்அப் மெசேஜ். நாங்க கையெழுத்து போட்ட ஃபாரத்துல "நரம்பு பாதிப்பு வரலாம்"னு இங்கிலீஷ்ல ஒரு வரி இருந்துச்சாம், அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, யாரும் படிச்சும் காட்டல, இப்ப அதைத்தான் அவங்க பதிலா அனுப்பியிருக்காங்க.

காசு பிரச்சினைன்னா அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்க, சென்னையில கோட்டை ரயில் நிலையம் பக்கத்துல இருக்கு, இப்ப புதுக்கோட்டையிலயும் வந்துடுச்சு. நேரம் ஆகும், க்யூ இருக்கும், ஆனா பேக்கேஜ் பேசறதுக்குன்னு அங்க ஆள் கிடையாது. அப்புறம் எல்லாருக்கும் இம்ப்ளான்ட்தான் வழின்னும் இல்ல, ரெண்டு பக்கமும் நல்ல பல் இருந்தா அதைப் பிடிச்சு நடுவுல நிலையா பல் கட்டற பிரிட்ஜ் இருக்கு, நல்லா அளவெடுத்துப் பண்ணின கழட்டற செட்டும் இருக்கு. அப்பாவோட பழைய செட் தூக்கினதுக்குக் காரணம் எலும்பு கரைஞ்சு செட் லூஸ் ஆனதுதானாம், உள்ள புதுசா லைனிங் வச்சா 3,000 ரூபாய்க்குள்ள சரியாகியிருக்கும்னு அந்தப் பேராசிரியர் சொன்னாரு. இப்ப அதைத்தான் பண்ணிப் போட்டிருக்காரு, இடது பக்கம் உணர்ச்சி இல்லாததால வலது பக்கமா மெல்றாரு.

இஎம்ஐ 9 போயிருக்கு, இன்னும் 15 இருக்கு. அஞ்சாம் தேதி ஆனா மெசேஜ் வரும், அப்பா பக்கத்துல இருந்தா போனைக் கவுத்து வச்சிடுவேன்.