பழைய காரின் சீட்: தோலா, ரெக்சினா?

பழைய காரின் சீட்டை வீட்டிலேயே புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு முதலில் வரும் குழப்பம் இதுதான். இரண்டையும் தைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது உங்கள் முதல் சீட் என்றால், ரெக்சினையே எடுங்கள்.

வெட்ட உட்காரும்போதே காரணம் புரிந்துவிடும். ரெக்சின் பெரும்பாலும் 54 அங்குல அகல ரோலாக வரும். முனைக்கு முனை ஒரே தடிமன், ஒரே நிறம். தோலுக்கு மாட்டின் உடம்பு எப்படியோ அப்படித்தான் வடிவம். முதுகுப் பக்கம் கெட்டியாக நிற்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும். தழும்புகளை ஒதுக்கி, உட்காரும் இடத்துக்கு முதுகுத் தோலையும் கண்ணில் படாத ஓரங்களுக்கு வயிற்றுத் தோலையும் வெட்டவேண்டும். கணிசமான தோல் வீணாகத்தான் போகும்.

அப்புறம் தையல். இரண்டிலுமே ஊசித் துளை மூடாது, அதனால் குண்டூசி குத்தாமல் கிளிப் போட்டுப் பிடியுங்கள். சாதாரண வீட்டு மெஷினில் மெல்லிய ரெக்சின் இரண்டு மடிப்பு ஓடிவிடும். பைப்பிங் (ஓரத் தையலில் கயிறு வைத்துத் தைக்கும் விளிம்பு) வரும் மூலையில் நான்கு மடிப்பு சேரும், அங்கேதான் மெஷின் முனகும். மோட்டாரை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கினால் தாண்டிவிடலாம். தோலில் அந்த மூலைக்கு, மேல் மடிப்பையும் கீழ் மடிப்பையும் சேர்த்து இழுக்கிற கனமான மெஷின் வேண்டும். நூல் எதற்கும் பாலியஸ்டர்தான்; பருத்தி நூல் வெயிலில் இற்றுப்போகும்.

தோலின் பக்கமும் நியாயம் உண்டு. வெயிலில் நின்ற காரில் ரெக்சின் முதுகோடு ஒட்டும். காலப்போக்கில் அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வெளியேறி, ரெக்சின் வெடித்துவிடும். வெடித்ததைச் சரிசெய்வது கஷ்டம். தோலைப் பராமரித்தால் வருடங்கள் ஏற ஏற அழகு கூடும், நிறம் மங்கினால் மீண்டும் பூசலாம். தொழிற்சாலையிலிருந்து தோல் சீட்டோடு வந்த காருக்கு ரெக்சின் போட எனக்கு மனம் வராது. கொஞ்சம் பொறுத்து, ரெக்சினில் கை பழகியபின் தோலைத் தொடலாம்.

தைத்தே வரும் ரெடிமேட் உறை மூன்றாவது வழி. வெப்பத்தால் அழுத்தி வரி பதித்த பழைய ரெக்சின் சீட்டுகளுக்கு அதுவே நல்லது, ஏனென்றால் அந்த வரியை வீட்டு மெஷினில் கொண்டுவர முடியாது. ஆனால் அது புது ஃபோமின் அளவுக்குத் தைக்கப்பட்டிருக்கும். அமுங்கிப்போன பழைய ஃபோம் மேல் மாட்டினால் சுருக்கம் விழும்.

சொந்தமாகத் தைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய உறையைப் பிரித்து அச்சாக வைப்போம். அது பல வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து நீண்டிருக்கும். அப்படியே வரைந்து வெட்டினால் உறை தளர்ந்துவிடும். நான் உட்காரும் பகுதியில் அரை அங்குலம் குறைத்தே வெட்டுவேன். மாட்டுவதற்கு முன் உறையைச் சற்று நேரம் வெயிலில் போட்டால் ரெக்சின் இளகி, மூலைகளில் இழுத்த இழுப்புக்கு வரும்.