340 மணி நேரம் ஓடிய ஒரு ஜெனரேட்டர்

வாங்கிய வாரத்திலேயே ஜெனரேட்டருக்கு மதிப்புரை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். புதிதில் எல்லாமே ஒரே இழுப்பில் கிளம்பும். என்னுடையது மூன்று வருடத்தில் 340 மணி நேரம் ஓடியிருக்கிறது. 2 கேவிஏ, 163 சிசி, நான்கு ஸ்ட்ரோக், கயிறு இழுத்துக் கிளப்பும் பெட்ரோல் வகை. மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இதில் கிடையாது. டேங்கின் பக்கவாட்டில் வெள்ளை டேப் ஒட்டி, ஓட்டும்போதெல்லாம் பேனாவால் குறித்து வைக்கிறேன். மேலே சொன்ன 340 அந்த டேப்பிலிருந்து கூட்டியதுதான்.

கரண்ட் கொடுப்பதில் இதன்மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் இதை வடிவமைத்தவர் ஒருநாளும் தன் கையால் ஆயில் மாற்றியிருக்க மாட்டார். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேர் கீழே ஃபிரேமின் குழாய் ஓடுகிறது. போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் அந்தக் குழாயில் விழுந்து, இரண்டு பக்கமும் வழிந்து, ரப்பர் கால்களை நனைத்து, கடைசியில்தான் தட்டுக்கு வரும். மொத்தமே 600 மில்லி. முதல் தடவை அதில் பாதி தரையில்தான் கிடந்தது. இப்போது பழைய பிளாஸ்டிக் பாட்டிலை நீளவாக்கில் வெட்டி, ஓடை மாதிரி போல்ட்டுக்கு அடியில் செருகிவிடுகிறேன். அரை மணி வேலை பத்து நிமிடமானது.

அந்த முதல் மாற்றம் 20 மணி நேரத்தில். "இன்னும் புதுசுதானே" என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த இன்ஜினில் ஆயில் ஃபில்டர் கிடையாது. புது உதிரிகள் ஒன்றோடொன்று உரசி உதிரும் உலோகத் தூள் அத்தனையும் ஆயிலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நான் வடித்த ஆயிலை வெயிலில் பார்த்தபோது மினுமினுவென்று இருந்தது. அப்புறம் 100 மணிக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது. எனக்கு எப்போதும் ஆறு மாதம்தான் முந்துகிறது. சற்று ஓட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும்.

ஒரு வருடம் நான் முட்டாள்தனமாகச் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆயில் அளவு பார்க்க, அளவுகோல் பொருத்திய ஆயில் மூடியைத் திருகி இறுக்கிவிட்டுப் பிறகு எடுத்துப் பார்ப்பேன். திருகினால் கோல் இன்னும் ஆழமாக இறங்கும். குறைவாக இருக்கிற ஆயிலும் போதுமானதாகத் தெரியும். திருகாமல் சும்மா நுழைத்துப் பார்க்கச் சொல்லித்தான் கையேட்டில் இருக்கிறது. யார் படித்தார்கள்? ஒருநாள் லேசான சரிவில் வைத்து ஓட்டினேன். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. ஸ்பார்க் பிளக் போய்விட்டதென்று நினைத்து, கை வீங்கும்வரை கயிறை இழுத்தேன். ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. சமதரையில் வைத்து 200 மில்லி ஊற்றியதும் இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. அந்தச் சென்சார் இல்லையென்றால் இன்ஜினே ஜாம் ஆகியிருக்கும்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் முழு மதிப்பெண். இரண்டு கிளிப், கருவி எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது ஸ்பாஞ்ச். சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, இன்ஜின் ஆயிலில் நனைத்து, ஒட்டப் பிழிந்து மாட்ட வேண்டும். 50 மணிக்கு ஒருமுறை, தூசி அதிகமென்றால் அதற்கும் முன்பே.

பெட்டியோடு வந்த பிளக் ஸ்பேனர் வெறும் தகரக் குழாய். இரண்டாம் முறையே வளைந்தது, வேறு வாங்கினேன். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. கழற்றினால் நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் எல்லாம் சரி. கரி படிந்து கறுப்பாக இருந்தால் முதலில் ஏர் ஃபில்டரையும், கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் சோக்கையும் சந்தேகப்படுங்கள்.

இனி கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம். டேங்கில் பெட்ரோலோடு நான்கு மாதம் மூலையில் வைத்துவிட்டேன். பிறகு சோக் போட்டால்தான் ஓடியது. சோக்கை எடுத்தால் சத்தம் ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். கழற்றினால் அடிக் கிண்ணத்தில் பிசின் மாதிரி படிவு, பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளை பாதிக்குமேல் அடைப்பு. அதில் ஊசி, கம்பி எதையும் விட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதானால் பெட்ரோல் கணக்கே மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, நைலான் தூண்டில் நரம்பைவிட்டு எடுத்தேன். இப்போது ஒரு மாதத்துக்குமேல் ஓட்டமாட்டேன் என்று தெரிந்தால், டேங்கைக் காலிசெய்து, பெட்ரோல் வரும் வால்வை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். மிச்சத்தைக் கிண்ணத்து அடி ஸ்குருவைத் தளர்த்தி வடித்துவிடுகிறேன். அந்த ஸ்குரு மட்டும் வெளியிலிருந்தே கைக்கு எட்டுகிறது. ஆயில் போல்ட்டை வைத்த ஆள் வேறு, இதை வைத்த ஆள் வேறு என்று நினைத்துக்கொள்வேன்.

மற்ற நாட்களில் மாதம் ஒருமுறை இஸ்திரிப் பெட்டியை மாட்டி 20 நிமிடம் ஓட்டுவேன். லோட் இல்லாமல் ஓட்டுவதில் பெரிய பயன் இல்லை. இந்தச் சோதனை ஓட்டமும் திறந்த வெளியில்தான். ஒருமுறை மழைக்குப் பயந்து ஷெட்டுக்குள், கதவைத் திறந்துவைத்து, "இரண்டு நிமிடம்தானே" என்று ஓட்டினேன். தலைவலி வந்து வெளியே ஓடினேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கதவு திறந்திருந்தால் போதும் என்று நம்ப வேண்டாம்.

300 மணியில் வால்வு இடைவெளியும் பார்த்தேன். இன்ஜின் ஆறியபின், கையேட்டில் உள்ளபடி காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு 0.15 மி.மீ., புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு 0.20 மி.மீ. எக்ஸாஸ்ட் கொஞ்சம் இறுகியிருந்தது. சரிசெய்ததும் கிளம்புவது இலகுவானது.

மறுபடி இதையே வாங்குவேனா? மணி மீட்டரும், பக்கவாட்டில் ஆயில் போல்ட்டும் உள்ள இன்னொன்று கிடைத்தால் அதற்குத்தான் போவேன். கிடைக்காவிட்டால் இதுவே போதும். இப்போது ஸ்டார்ட்டர் கயிறு பிடிக்குப் பக்கத்தில் நூல் நூலாகப் பிரிகிறது. மூன்று போல்ட் கழற்றினால் மாற்றிவிடலாம் என்று தெரிகிறது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தெறிக்காமல் இருந்தால் சரி.