நாந்த்–பிரெஸ்ட் கால்வாய்ப் பாதை: கார் ஏறாத சரளைத் தடம் ஒன்றின் மதிப்பீடு

காரும் லாரியும் ஏற முடியாத சைக்கிள் பாதைகள் பிரான்ஸ் நாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு உள்ளன. கைவிடப்பட்ட ரயில் தடங்களையும் கால்வாய்க் கரைகளையும் திருத்தி, மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடந்து செல்வோருக்கும் குதிரையில் செல்வோருக்கும் மட்டும் என்று சட்டப்படி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் பல இப்போது தார்ச்சாலையாகிவிட்டன. குழந்தைகளோடு செல்பவர்களுக்கு அது வசதிதான். ஆனால் அகன்ற டயர் பூட்டிய கிராவல் சைக்கிளில், கிராமப்புறத்தின் ஊடே பல நாள்கள் தொடர்ந்து சரளையிலேயே போக விரும்புகிறவர் ஒரே ஒரு பாதையைக் கேட்டால், பிரிட்டனி மாநிலத்தின் குறுக்கே ஓடும் நாந்த்–பிரெஸ்ட் கால்வாயின் கரையைத்தான் நான் தயங்காமல் சொல்வேன்.

இந்தக் கால்வாயின் நீளம் 364 கிலோமீட்டர். நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயக் கடற்படை பிரெஸ்ட் துறைமுகத்தை முற்றுகையிட்டபோது, கடல் வழியைத் தொடாமல் அங்கே சரக்குச் சேர்ப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. போர் ஓய்ந்து பல ஆண்டுகள் கழித்து, 1842இல்தான் முழு நீளத்துக்கும் திறந்தார்கள். சைக்கிளில் செல்பவருக்கு இந்த வரலாறு ஒரு காரணத்தால் முக்கியமாகிறது. சரக்குப் படகுகளைக் கரையில் நடந்தபடி குதிரைகளும் மனிதர்களும் இழுத்துச் சென்றதால், நீரோடு ஒட்டிய அகலமான ஒரு பாதை தொடக்கத்திலிருந்தே தேவைப்பட்டது. செங்குத்தான ஏற்றம் எங்கும் இல்லாமல், ஊர்களை இணைத்தும் ஊர்ச்சாலைகளைத் தவிர்த்தும் இன்று நாம் போக முடிவது அதனால்தான். படகுகளை மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் மதகுகள் இருநூற்றுக்கும் மேல் உள்ளன. ஒவ்வொரு மதகின் அருகிலும் ஒரு சிறு மேடு ஏறினால் போதும், பிறகு அடுத்த மதகு வரை சமதரை.

பாதையின் பரப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணம் இனிக்குமா கசக்குமா என்பதை முடிவு செய்வது அதுதான். ரெதோன் நகரிலிருந்து மாலெத்ருவா, ஜோஸ்லேன் வழியாகப் பொந்திவி வரையுள்ள சுமார் 110 கிலோமீட்டரில், பெரும்பாலும் மணலும் பொடிச்சரளையும் கலந்து உருளை ஓட்டி இறுக்கிய வெளிர்நிறத் தரையே கிடைக்கிறது. வறண்ட நாளில் இதன்மேல் டயர் ஒரே சீரான மெல்லிய அரைபடும் ஓசையோடு உருள்கிறது. கைப்பிடியில் அதிர்வு மிகக் குறைவு. மழை பெய்த மறுநாளோ இதே தரை மாவுபோல் இளகி டயரைப் பிடித்து இழுக்கிறது. சக்கரம் வாரி இறைக்கும் நுண்மணல் சங்கிலியில் ஒட்டிக்கொண்டு பல்சக்கரங்களைத் தேய்க்கத் தொடங்குவதால், அன்று மாலையே சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடாமல் படுக்கக் கூடாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் மட்கார்டு இருப்பது நலம். டயர் அகலம் 38 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். 42 அல்லது 45 என்றால் பொந்திவிக்கு மேற்கே நன்றி சொல்வீர்கள். அங்கிருந்து தரை கரடாகிறது. நடுவில் புல் வளர்ந்து, இருபுறமும் சக்கரத் தடம் மட்டும் தெரியும் பகுதிகள் வருகின்றன. சுமை ஏற்றிய வண்டியில் இங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்வதே சரி.

நாந்த் நகரிலிருந்து தொடங்கும் முதல் பகுதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். எர்த்ர் ஆற்றின் கரைகளில் பெரும்பங்கு தனியார் மாளிகைகளுக்கு உரியவை என்பதால், நோர்-சுர்-எர்த்ர் வரை வழி ஆற்றை விட்டு விலகிச் சிறு சாலைகளில் சுற்றுகிறது; கார்களோடுதான் போக வேண்டும். அதன்பின் பிளேன் என்ற ஊர் வழியாக ரெதோன் வரை கரைப்பாதை நன்றாகவே இருந்தாலும், காட்சி நெடுநேரம் மாறுவதில்லை.

ரெதோனைத் தாண்டியதும் கால்வாய் உஸ்த் ஆற்றோடு இணைந்து ஓடுகிறது, அங்கேதான் இந்தப் பாதையின் மதிப்பு விளங்கத் தொடங்குகிறது. வளைவுகளில் பாறைச்சரிவு நீரை நெருங்கி வருகிறது. ஊர்கள் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் ஒன்றையடுத்து ஒன்று வருகின்றன. ஜோஸ்லேனில் ரோஆன் பிரபுக் குடும்பத்தின் கோட்டை மூன்று கோபுரங்களோடு ஆற்றின்மேல் நேராக எழுந்து நிற்பதை, சேணத்தில் அமர்ந்தபடியே முழுமையாகப் பார்த்துவிடலாம். ரோஆன் என்ற ஊரைக் கடந்தபின் கால்வாய் உஸ்த் பள்ளத்தாக்கை விட்டு பிளாவே ஆற்றுக்கு மேடு ஏறி இறங்குகிறது. இங்கு ஒரு மதகில் நின்றால் அடுத்தது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மதகுகள் நெருங்கிக் கிடக்கின்றன. இந்த உச்சிப்பகுதிக்கு நீர் கொண்டுவருவதற்காக வெட்டிய இல்வேர்ன் வாய்க்கால், நிலத்தின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு 60 கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து வளைந்து வருகிறது. பம்பின் துணையின்றித் தண்ணீரை இப்படி நடத்தி வந்தவர்களின் கணக்கை நினைத்து நான் உண்மையிலேயே வியந்தேன்.

மதகுக் காவலர்களின் பழைய வீடுகள் தனியாக ஒரு சொல்லுக்கு உரியவை. ஒவ்வொன்றும் எண்ணும் பெயரும் தாங்கிய சிறு கல்வீடு. கோடையில் சன்னலடியில் பூச்சட்டிகள் நிறைந்திருக்கின்றன. சிலவற்றில் காபிக்கடையோ தங்குமிடமோ நடத்துகிறார்கள். பகல் உணவுக்கு இவற்றை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். பருவம் தவறினால் கதவு மூடியிருக்கும். ஊர்க்கடைகளும் நண்பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடைத்துவிடுவார்கள். ஞாயிறு மாலையிலும் திங்களன்றும் பல ஊர்களில் ரொட்டிகூடக் கிடைப்பதில்லை. காலையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. தண்ணீருக்கு, பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லோரும் அறிந்த வழி ஊர்க் கல்லறைத் தோட்டம்: செடிகளுக்காக வைத்த குழாய் அங்கே இருக்கும். குடிக்கத் தகாது என்ற அறிவிப்பு இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொள்ளலாம். சைவ உணவு தேடுவோருக்குப் பிரிட்டனி கருணை காட்டுகிறது. கருங்கோதுமை மாவில் வார்க்கும் கலேத் எல்லா ஊரிலும் உண்டு. வழக்கமாக உள்ளே வரும் பன்றித்தொடை இறைச்சி வேண்டாம் என்றால், பாலாடைக்கட்டியோ காளானோ வைத்து மடித்துத் தருகிறார்கள்.

என் மதிப்பில் இந்த வழியின் உச்சம் பொந்திவிக்கு மேற்கே உள்ளது. 1930இல் இயங்கத் தொடங்கிய கெர்லேதான் அணை கால்வாயை இரண்டாகத் துண்டித்துவிட்டது. 17 மதகுகள் ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. கரைப்பாதையே இல்லாமல் போன இந்த இடத்தில், கரே நகரை மையமாகக் கொண்டு ஓடிய மீட்டர் கேஜ் ரயில்களின் பழைய தடம் கைகொடுக்கிறது. மூர்-த-பிரெத்தாஞ் ஊரிலிருந்து அந்த ரயில் தடத்தின் மேல், மரங்களின் நிழலில், ஏரிக்கு மேலாகச் சென்று போன்-ரெப்போ மடத்தின் அருகே மீண்டும் கால்வாயைச் சேரலாம். ரயிலுக்காகச் சமன் செய்த தடமாதலால் ஏற்றம் காலுக்கே தெரியாது. பாழடைந்த மடத்தின் கற்சுவர்கள் ஒரு புறம், பழைய கற்பாலம் ஒரு புறம் என்று அமைந்த அந்த இடத்தில் அரை நாளாவது தங்குவது தகும். மேலும் மேற்கே குளோமெலில், குன்றை அறுத்து 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஆழ்பள்ளம் ஒன்றைக் கைதிகளைக் கொண்டு வெட்டியிருக்கிறார்கள். பள்ளத்தின் அடியில் கால்வாயோடு போகும்போது இரு பக்கமும் உயர்ந்து நிற்கும் மண்ணைப் பார்த்தால், கடப்பாரையும் மண்வெட்டியும் மட்டும் பிடித்த அந்த மனிதர்களை நினைக்காமல் போக முடியாது.

குறைகளும் உண்டு. பாதையின் நுழைவாய்களில் மோட்டார் சைக்கிளைத் தடுக்க வைத்துள்ள இரும்புத் தடுப்புகள் சில இடங்களில் மிகவும் குறுகலானவை; இழுவண்டி கட்டி வருபவர் பையை இறக்கி வண்டியைத் தூக்க வேண்டியிருக்கும். கரையோர வழிகாட்டிப் பலகைகள் தெளிவானவை, ஆனால் ஊருக்குள் வழி விலகும்போது அவை இடைவிட்டே வருவதால் வரைபடத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. குளிர்காலத்தில் ஆறுகள் பெருகினால் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கும். மே முதல் செப்டம்பர் வரை போவதே அறிவு.

பெயரால் இதைவிடப் புகழ்பெற்றது தெற்கே உள்ள கனால் டு மிடி. பியேர்-போல் ரிக்கே என்பவர் 1666இல் கட்டத் தொடங்கி, 1681இல் நீர் பாய்ந்த அந்தக் கால்வாய், 1996 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பொறியியல் வியப்பாக அதற்கே முதலிடம். சைக்கிள் பாதையாக நான் அதை இரண்டாவதாகவே வைப்பேன். துலூஸிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தார்; அதற்கு அப்பால் பல பகுதிகளில் ஒற்றையடித் தடம்தான், மரவேர்கள் புடைத்து நின்று மணிக்கட்டை நோகடிக்கின்றன. 2006இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான பிளேன் மரங்களை வெட்ட நேர்ந்ததால், முன்பு நிழல் இருந்த நெடுந்தொலைவு இன்று வெயிலில் கிடக்கிறது. நிழலும் உறுதியான சரளையும் வேண்டுபவர் வடக்கே வருவதே நலம்.

முழு நீளத்தையும் ஓட்ட நேரமில்லாதவர்கள் கரேயில் தொடங்கி ரெதோனில் முடிக்கலாம். பிரிட்டனியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் முதுகுக்குத் துணை கிடைக்கும். குளோமெல் உச்சியைத் தொடக்கத்திலேயே கடந்துவிடலாம். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் கேங்காம் வரை வந்து, அங்கிருந்து கரேக்குச் செல்லும் சிறு வட்டார ரயிலில் மாற வேண்டும். அதிவேக ரயிலில் சைக்கிளுக்கு இருக்கையைப்போலவே முன்பதிவு தேவை, இடங்கள் மிகக் குறைவு. வட்டார ரயிலிலும் சைக்கிள் கொக்கிகள் சிலவே என்பதால் கோடை வார இறுதியைத் தவிர்த்து வார நடுவில் ஏறுங்கள். பொந்திவியிலும் ஜோஸ்லேனிலும் பயணிகள் ரயில் கிடையாது. இடையில் பயணத்தை நிறுத்த நேர்ந்தால் கால்வாய்க் கரையில் அடுத்த ரயில் நிலையம் ரெதோனில்தான் என்பதைக் கணக்கில் வைத்து நாள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.