டெக்சாஸா, கலிஃபோர்னியாவா: சாப்பாட்டு மேசையில் இரண்டு வரிச்சீட்டுகள்

போன தேங்க்ஸ்கிவிங்குக்கு மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். சாப்பாடு முடிந்து ரசம் சட்டி கழுவப்போன நேரத்தில் பேச்சு எப்படியோ வீட்டு வரிக்கு வந்து நின்றது. அவன் ஃபோனில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுன்டி வரிச்சீட்டைத் திறந்தான். நான் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த எங்கள் டெக்சாஸ் காலின் கவுன்டி சீட்டை எடுத்து வந்தேன். 2020 வரை நாங்களும் சன்னிவேலில்தான் வாடகைக்கு இருந்தோம். வீடு வாங்கும் நேரம் வந்ததும் அவன் அங்கேயே தங்கிவிட்டான், நாங்கள் டாலஸுக்கு வடக்கே வந்துவிட்டோம். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டு விலை, வெயில், டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது, கவுன்டியின் கையை மாநிலம் எந்தக் கயிற்றால் கட்டியிருக்கிறது என்பது பற்றி. வீடு வாங்கியபின் வருஷா வருஷம் நம்மைத் தொடுவது அந்தக் கயிறுதான்.

கவுன்டியை நம்மூர் மாவட்டம் என்று நினைத்தால் பாதி சரி. நியமிக்கப்பட்ட கலெக்டர் கிடையாது. டெக்சாஸில் 'கவுன்டி ஜட்ஜ்' என்று ஒருவரும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்து பட்ஜெட் போடுகிறார்கள். வரி வசூலிக்கும் 'டேக்ஸ் அசெசர்-கலெக்டர்'கூட தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர். "அப்போ இங்க கலெக்டருக்கு ஓட்டு போடணும்" என்று ஊரில் அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. டெக்சாஸில் 254 கவுன்டிகள், கலிஃபோர்னியாவில் 58. எண்ணிக்கை எப்படியிருந்தாலும் இரண்டு இடத்திலும் கவுன்டி என்பது மாநிலம் பெற்ற பிள்ளை. எவ்வளவு வரி போடலாம், எந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்று சொல்வது மாநிலச் சட்டம்.

கலிஃபோர்னியாவில் கயிறு 1978 ஜூனில் கட்டப்பட்டது. வாக்காளர்களே நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய பிராப்பசிஷன் (தீர்மானம்) 13. வாங்கிய விலையில் 1 சதவீதம்தான் அடிப்படை வரி, வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் புது மதிப்பு. 15 லட்சம் டாலருக்கு வாங்கினால் வருஷம் 15,000. பத்து வருஷம் கழித்தும் அது 18,300 சொச்சத்தைத் தாண்டாது. மேலே பள்ளிகள் வாங்கிய கடனுக்கான பாண்டு, அது இது என்று கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். மச்சினன் 2014-இல் வாங்கியவன். அவன் பக்கத்து வீட்டில், அதே அளவு வீட்டுக்குப் போன வருஷம் குடிவந்தவர் இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் இவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறதாம். கூச்சம் டிசம்பர் 10-ஆம் தேதிக்குள் வரியின் முதல் தவணையைக் கட்டும்வரைதான்.

வரி வீதத்தை உயர்த்த கவுன்டிக்கு அதிகாரம் இல்லை என்பதோடு கதை முடியவில்லை. அந்த 1 சதவீதத்தைக் கவுன்டி, நகரம், பள்ளி எல்லாருக்கும் எப்படிப் பங்கு பிரிப்பது என்பதும் மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவின் கையில். 1990-களின் தொடக்கத்தில் மாநில பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தபோது, கவுன்டிகளின் பங்கிலிருந்து ஒரு பகுதியை வெட்டிப் பள்ளிகளுக்குத் திருப்பிவிட்டார்கள். 2004-இல்தான் வாக்காளர்கள் அதற்கு ஓர் அணை போட்டார்கள். வேலை மட்டும் கூடிக்கொண்டே போனது. 1991-இல் சுகாதாரமும் சமூக நலமும், 2011-இல் கடுமையில்லாத குற்றம் செய்தவர்களைக் கவுன்டி சிறையில் வைத்துக்கொள்ளும் பொறுப்பும் கைமாறின. கூடவே பணமும் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது விற்பனை வரி, வண்டிக் கட்டணம் போன்றவற்றிலிருந்து வருவது. பொருளாதாரம் படுத்தால் அதுவும் படுத்துக்கொள்ளும்.

சாண்டா கிளாரா கவுன்டி பொது மருத்துவமனைகளைச் சொந்தமாக நடத்துகிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு மெடிகெய்டில், அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில், கைவைத்ததும், அந்த ஓட்டையை அடைக்கக் கவுன்டிக்கு வீட்டு வரியைத் தொட வழியில்லை. வாக்காளர்களிடம் போய் ஐந்து வருஷத்துக்கு விற்பனை வரியில் 0.625 சதவீதம் கூட்டிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். நவம்பரில் அது ஜெயித்தது. மச்சினனின் வீட்டு வரிச்சீட்டு அசையவில்லை. சோஃபா வாங்கும்போது கட்டுவான்.

இப்போது என் பக்கம். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கவில்லை, டெக்சாஸ்தான்.

என் சீட்டில் நான்கு வரிகள்: நகரம், கவுன்டி, கல்லூரி, பள்ளி மாவட்டம். காலின் கவுன்டிக்கு 100 டாலருக்குச் சுமார் 15 சென்ட். 6 லட்சம் டாலர் வீடென்றால் கவுன்டிக்குப் போவது 900-க்குள். "டெக்சாஸ் வரி கொல்லுது" என்று புலம்புகிறவர்கள் எல்லாம் உண்மையில் பள்ளி வரியைத்தான் திட்டுகிறார்கள். அது 100-க்கு ஒரு டாலருக்கு மேல். அதையும் மாநிலம் குறைத்துக்கொண்டு வருகிறது. நாமே குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரி கணக்கிடும் மதிப்பில் கழிவு 2023-இல் 40,000 டாலரிலிருந்து 1,00,000 ஆனது. 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000. அந்தத் தீர்மானத்தின் எண்ணும் 13 என்பது வேடிக்கை. கலிஃபோர்னியாவில் இதே கழிவு 7,000 டாலர். வருஷத்துக்கு 70 டாலர் மிச்சம், நான்கு பேர் ஒருவேளை தோசை சாப்பிடலாம்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்தக் கழிவு அல்ல, 2019-இல் வந்த சட்டம். அதுவரை கவுன்டி தன் நடைமுறைச் செலவுக்கான வரி வருமானத்தை ஆண்டுக்கு 8 சதவீதம்வரை கூட்டிக்கொள்ளலாம். அதைத் தாண்டினாலும் மக்கள் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தால்தான் தேர்தல். புதுச் சட்டத்தில் அந்த எல்லை 3.5 சதவீதம், தாண்டினால் தேர்தல் கட்டாயம். இதில் கவனிக்க வேண்டியது, புதிதாகக் கட்டிய வீடுகள் இந்தக் கணக்கில் சேராது. போன வருஷம் இருந்த அதே சொத்துகளிலிருந்து வரும் பணத்துக்குத்தான் எல்லை. அதனால் ஊர் முழுக்க மதிப்பு அதைவிட அதிகமாக ஏறினால், தேர்தலுக்குப் போகாத கவுன்டி வீதத்தை இறக்கியே ஆக வேண்டும். 2022-இல் எங்கள் தெருவில் மதிப்பு 30 சதவீதத்துக்கு மேல் எகிறியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம்தான் ஏற்றலாம் என்ற வரம்பு ஒரு பக்கம் காப்பாற்றியது. இன்னொரு பக்கம் கவுன்டி வீதம் ஏறத்தாழ 17 சென்டிலிருந்து 15-க்கு இறங்கியது. நம் வீட்டு மதிப்பு ஏறுகிறதா என்பது பெரிய விஷயமில்லை, அக்கம்பக்கத்தைவிட அதிகமாக ஏறுகிறதா என்பதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

இதற்குப் பராமரிப்பு உண்டு. கலிஃபோர்னியாவில் வீட்டை வாங்கிப்போட்டால் போதும். டெக்சாஸில் வருஷா வருஷம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏப்ரலில் மதிப்பீட்டுக் கடிதம் வரும். ஆட்சேபிக்க மே 15 கெடு, கடிதம் தாமதமாக வந்திருந்தால் அதிலிருந்து 30 நாள். பக்கத்துத் தெருவில் ஒரே அளவு வீடுகள் எவ்வளவுக்கு மதிப்பிடப்பட்டிருக்கின்றன என்று பட்டியல் எடுப்பேன். இங்கே களிமண் பூமி, வெயிலில் சுருங்கி மழையில் உப்பும். எங்கள் ஹால் மூலையில் மேலிருந்து கதவு நிலைவரை ஒரு விரிசல். அதை ஸ்கேலோடு சேர்த்து ஃபோட்டோ எடுத்து, அஸ்திவாரம் சரிசெய்ய ஒருவர் கொடுத்த மதிப்பீட்டையும் இணைத்துவிடுவேன். முதல் சந்திப்பு ஒரு அலுவலரோடு பத்து நிமிஷம். சரிப்படாவிட்டால் மறுஆய்வுக் குழு. ஐந்து வருஷத்தில் மூன்று முறை குறைத்திருக்கிறார்கள். "மாமா, வருஷா வருஷம் பரீட்சை எழுதணுமா?" என்று மச்சினன் கேட்டான். ஆமாம். முதல் வருஷம் குடியிருப்போர் கழிவுக்கு மனுப்போடவே மறந்துபோனவன் நான். இரண்டு வருஷம்வரை தாமதமாகப் போட இடமிருந்ததால் தப்பித்தேன்.

இதே சட்டம் எல்லாக் கவுன்டிக்கும் நல்லதா என்றால், இல்லை. காலின் மாதிரி வளர்கிற இடத்தில் புது வீடுகளின் வரி 3.5-க்கு வெளியே வந்து கொட்டுகிறது. ஆளே குறையும் மேற்கு டெக்சாஸ் கவுன்டியில் அந்தச் சலுகை இல்லை. அங்கேயும் ஜெயிலை மாநில விதிப்படி நடத்த வேண்டும், குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு வக்கீல் வைக்க வேண்டும், அதில் பெரும்பங்கு கவுன்டியின் சொந்தப் பணம். நூறு சதவீத ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினர் வீட்டுக்கு முழு வரிவிலக்கு என்று மாநிலம் சட்டம் போட்டிருக்கிறது. நியாயமான சட்டம். ஆனால் ராணுவத் தளம் இருக்கும் பெல் கவுன்டியில் அந்த இழப்பின் ஒரு பகுதியைத்தான் மாநிலம் ஈடுகட்டுகிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை. கடை சின்னதாக இருந்தால் தேங்காய் சீக்கிரம் தீரும்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் சீட்டில் மருத்துவமனைக்கென்று ஒரு வரி கிடையாது. பக்கத்து டாலஸ் கவுன்டியில் பார்க்லேண்ட் மருத்துவமனைக்காகத் தனியே வசூலிக்கிறார்கள். எங்கள் குறைந்த வீதத்துக்கு அதுவும் ஒரு காரணம். மெடிகெய்டையும் டெக்சாஸ் விரிவுபடுத்தவில்லை, கலிஃபோர்னியா 2014-லேயே செய்தது. எனக்கு இதுவரை கம்பெனி காப்பீடு இருந்திருக்கிறது. வேலை போய், காப்பீடு போய் இங்கே ஒரு வருஷம் இருந்து பார்த்தவர் சொன்னால் என் பேச்சைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

இருபது வருஷம் ஒரே வீட்டில், கடிதம் எதையும் பிரிக்காமல் நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால் மச்சினன் வழிதான் சரி. ஏழெட்டு வருஷத்தில் இடம் மாறக்கூடியவர், கணக்குப் பார்க்க அலுப்பில்லாதவர், வளர்கிற கவுன்டியில் வாங்குகிறவர் என்றால் இங்கே வாருங்கள். என் சீட்டில் ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு பெயர் இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரிகிறது. அவனுடையதில் கேட்க வேண்டிய ஆள் சாக்ரமென்டோவில் இருக்கிறார்.

அவர்கள் கிளம்பியபின் ஹாலைக் கூட்டிக்கொண்டே மனைவி கேட்டாள், இந்த விரிசலை எப்போதுதான் பூசப்போகிறீர்கள் என்று. மே வரைக்கும் இருக்கட்டும் என்றேன்.