தீநீர் வாலை வாங்கும்போது குழாயையும் ஒட்டுகளையும் பாருங்கள்

ஓமத் தீநீர், வெட்டிவேர்த் தீநீர் (கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து எடுக்கும் நீர்) வீட்டிலேயே இறக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். (சாராயம் பற்றிய பதிவல்ல. வீட்டில் சாராயம் காய்ச்சுவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.)

திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக் கடையில் வாலை (தீநீர் இறக்கும் பாத்திரம்) செய்யக் கொடுத்தேன். பானையும் சுருள் குழாயும் செம்பு, ஒட்டெல்லாம் (உலோகத்தை உருக்கிப் பற்றவைக்கும் இடங்கள்) காரீயம் கலக்காத வெள்ளீயம், வெளியே வரும் குழாயும் டேப்பும் 304 எஸ்.எஸ். (304 ரக எவர்சில்வர்) என்று எழுதியே கொடுத்தேன். “அப்படியே செஞ்சிருவோம்மா” என்றார் கடைக்காரர். காசும் அதற்குத் தகுந்தாற்போல்தான் வாங்கினார்.

வந்த பொருள் பார்வைக்கு அம்சமாக இருந்தது. டேப்பின் மரையில் சின்ன அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன். வெள்ளைத் தோலுக்கு உள்ளே மஞ்சள். நிக்கல் முலாம் பூசிய பித்தளையை எஸ்.எஸ். என்று தலையில் கட்டியிருக்கிறார். அப்புறம் சுருளின் ஒட்டில் வழிந்து நின்ற ஒரு துளியைப் பெயர்த்து வெள்ளைத் தாளில் தேய்த்தேன். பென்சிலால் கிழித்ததுபோல் சாம்பல் கோடு விழுந்தது. காரீயம் அப்படித்தான் கோடு போடும்.

சந்தேகத்தோடு விடவில்லை. முதலில் இறக்கிய தீநீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். குடிதண்ணீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. எங்கள் பாட்டிலில் அதைவிடப் பல மடங்கு இருந்தது.

அறிக்கையோடு கடைக்குப் போனேன். “அண்ணாச்சி, நான் எழுதிக் கொடுத்தது இதையா?” என்று கேட்டேன். “காலங்காலமா இப்படித்தாம்மா ஒட்டுதோம், யாருக்கு என்ன ஆச்சு?” என்றார். பணம் திரும்பவில்லை.

நம் வீடுகளில் ஓமத் தண்ணீரை யாருக்குக் கொடுக்கிறோம்? வயிறு உப்பிய கைக்குழந்தைக்கு. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் இந்தக் கோபம்.

எல்லாரும் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். ஆபத்து அதற்கு அப்புறம் இருக்கிறது. பானையில் கொதிக்கும்போது காரீயம் ஆவியோடு மேலே வராது. ஆவி குளிர்ந்து இறங்கும் நீரில் உப்புச் சத்து எதுவும் இல்லை; அது தொடுகிற உலோகத்தைச் சுலபமாக அரித்துக் கரைத்துக்கொள்ளும். ஆகவே சுருள், அதன் ஒட்டு, வெளிக்குழாய், டேப் ஆகிய இவைதான் சுத்தமாக இருக்க வேண்டும். கடைசல் பிடிக்க வசதியாக இருக்கும் என்று டேப், நிப்பிள் செய்கிற பித்தளையில் நூற்றுக்கு 2, 3 பங்கு காரீயம் சேர்ப்பது வழக்கம். முலாம் தேய்ந்தால் அது நேரே தீநீரில்தான் இறங்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. எல்போவும் வேண்டாம்.

முடிந்தால் 304 எஸ்.எஸ். குழாயை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டச் சொல்லுங்கள், சால்டர் வேலையே இருக்காது. 304 என்று சொல்லி 202 என்ற மட்டமான ரகத்தைக் கொடுக்கிறவர்களும் உண்டு. காந்தம் இரண்டிலும் சரியாக ஒட்டாது என்பதால் அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எஸ்.எஸ். சோதிக்கும் சொட்டு மருந்தும் பேட்டரியும் பட்டறைகளில் வைத்திருப்பார்கள். 202 என்றால் சிவக்கும். உங்கள் கண்முன்னே சோதிக்கச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். ரப்பர் வாஷரை ஓம எண்ணெய் இளக்கிவிடும், டெஃப்லான் போதும்.

பில்லில் ‘304’, ‘காரீயம் இல்லாத ஒட்டு’ என்று எழுதி வாங்குங்கள். எனக்கு வெறும் ‘செம்பு வாலை 1’ என்றுதான் கொடுத்தார். நான் எழுதிக் கொடுத்த தாளின் நகல் கையில் இருப்பதால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

அதே மாதிரி வாலைகள் அந்தக் கடையில் இன்னும் விற்பனைக்கு இருக்கின்றன. டவுன் பக்கம் இப்படி ஒன்று வாங்கி, அதில் இறக்கியதைக் குழந்தைக்குக் கொடுத்து வருகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். குழந்தையின் ரத்தத்தில் காரீய அளவு பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.