எடை குறைப்பு மாத்திரை: 'போலிகளிடம் ஏமாறாதீர்கள்' என்று சொல்லும் பக்கங்களை நம்பாதீர்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் நம் ஆட்கள் பலர் கைபேசியில் பார்த்து எடை குறைப்பு மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் என் தங்கைக்கு நடந்ததை, அவளிடம் கேட்டுக்கொண்டு, இங்கே எழுதுகிறேன்.

அவள் யோசிக்காமல் வாங்கவில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எடை ஏறிவிட்டது. எது நல்லது, எது போலி என்று தேடித்தான் பார்த்தாள். முதலில் வந்தது 'போலிகளிடம் ஏமாறாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்ட ஒரு பக்கம். பத்து மாத்திரைகளை வரிசையாக வைத்து, ஒன்பதுக்குக் குறை சொல்லி, ஒன்றுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் படம் வேறு. பெயருக்குப் பின்னால் பட்டம் இருந்தது, மருத்துவர் பதிவு எண் இல்லை. பிறகு நான் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பக்கத்தில் எங்கே தொட்டாலும் ஒரே ஆர்டர் படிவம்தான் திறக்கிறது. எச்சரிக்கை எழுதியவனும் சரக்கு விற்றவனும் ஒரே ஆள்.

பார்சல் வந்தபோது, 2,490 ரூபாயைக் கொடுத்த பிறகுதான் பிரிக்க முடிந்தது. டப்பாவில் 'நூறு சதவீதம் ஆயுர்வேத மருந்து, குடம்புளிச் சத்து' என்று அச்சடித்திருந்தது. தயாரிப்பாளர் முகவரி மேல் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அடியில் வேறொரு ஊர்ப் பெயர். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் என்று போட்டிருந்ததை எண்ணினேன், 13 இலக்கம். உண்மையான எண்ணுக்கு 14 இலக்கம் இருக்கும். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும். அது போக, எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுப்பது உணவுக்கான உரிமம். ஆயுர்வேத மருந்து என்று விற்றால் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருந்தாக வேண்டும். அது எங்கேயும் இல்லை.

சாப்பிட ஆரம்பித்ததும் பசி நின்றது. நாக்கு வறண்டது. ராத்திரி தூக்கம் இல்லை, படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாள். டப்பாவில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டோம். நல்ல தமிழில் ஒரு பெண் பேசினாள்: "உடம்புல இருக்கற கழிவு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் மேடம். நிறுத்திடாதீங்க. அடுத்த கோர்ஸும் இப்பவே போட்டுடுங்க, பாதி விலைக்குத் தர்றேன்." நெஞ்சு படபடக்கிறது என்று சொல்பவளிடம் இன்னொரு டப்பா விற்கப் பார்க்கிறார்கள். இதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சித்தூரில் டாக்டரிடம் காட்டினோம். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். மூலிகை என்ற பெயரில் வரும் இந்த மாதிரிச் சரக்குகளில் சிபுட்ரமைன் கலந்திருப்பது உண்டு என்றும் சொன்னார். அது பசியை அடக்கும் மருந்து. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுத்தார்கள். 2011இல் இந்தியாவிலும் தடை வந்தது. அப்புறமும் 'இயற்கை' மாத்திரைகளைச் சோதிக்கும்போது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது.

குடம்புளி விஷயமும் சொல்லிவிடுகிறேன், இங்கே அதை வைத்துத்தான் அதிகம் விற்கிறார்கள். மீன் குழம்பில் போடுவதைப் பற்றி நான் சொல்லவில்லை. அதன் சத்தைப் பிரித்தெடுத்து 135 பேரிடம் 12 வாரம் சோதித்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எடை ஒன்றும் கூடுதலாகக் குறையவில்லை. அந்தச் சத்து மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு.

உடல்பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டப்படி குற்றம். அதனால் 'ஒரு மாதத்தில் பத்து கிலோ உறுதி' என்று பார்த்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை.

எந்தச் சத்து வேலை செய்கிறது, எது கெடுதல் என்று படிக்க வேண்டுமென்றால், அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச் உணவுச் சத்துகளைப் பற்றித் தனியாக ஒரு தளம் வைத்திருக்கிறது. அங்கே ஆர்டர் பட்டன் கிடையாது. ஆங்கிலம்தான், வீட்டுப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லலாம். கேரளத்தில் இருப்பவர்கள் பக்கத்து அரசு குடும்ப சுகாதார மையத்தில் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் நாளில் போய்க் கேளுங்கள். எடையைப் பற்றியும் அங்கே பேசலாம், காசு கேட்க மாட்டார்கள்.

எங்கள் பணம் திரும்பவில்லை. அந்த எண் இப்போது அணைந்து கிடக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் சைபர் மோசடி உதவி எண் 1930க்கும் உடனே கூப்பிடுங்கள்.

இப்படி ஏதாவது வாங்கியிருந்தால் டப்பா, ஸ்டிக்கர், பார்சல் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே பிரஷர் மாத்திரையோ இதயத்துக்கு மருந்தோ எடுப்பவர் என்றால், அந்த டப்பாவோடு இன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.